ஏறி இறங்கினால் ஒன்று

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நலமா என்று பொதுவாகக் கேட்டால் போனில் சொல்வது போல "நல்லாருக்கேன்பா" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவாய், அதனால் தனித்தனியாகக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, போன தடவை பேசும்போது நடுநடுவே கேட்ட அந்த இருமல் நின்றுவிட்டதா. தனித்தனியாகவே பதில் எழுது. இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீ சிரிப்பது தெரிகிறது. போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிப்பா, சரிப்பா, சூப்பர்வைசர் வர்றார்" என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை உன்னால் வெட்ட முடியாது. அதோடு இது ஜெயித்த கதை. தோற்ற கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், ஜெயித்த கதையை அப்படிச் சொன்னால் ஜெயித்ததற்கே அர்த்தமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா கண்ணாடி மாற்றிவிட்டாள், மாற்றின அன்றைக்கே என் முகத்தைப் பார்த்து "நீங்க இவ்வளவு கிழவனாயிட்டீங்களா, யாருமே சொல்லலையே" என்றாள். தையல் வேலை முன்போல இல்லை, ஆனாலும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சமையலறைக் கூரையில் ஒழுகின இடத்தை நானே ஏறி அடைத்துவிட்டேன், கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி அவள் கொடுத்த யோசனைகளுக்குத்தான் ஓட்டை போதவில்லை. அக்காவும் குழந்தையும் போன ஞாயிறு வந்துபோனார்கள், குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் கத்தியது எனக்கு மறக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டுன மனுஷன், போயும் போயும் நாய்க்கு ஆயா வேலை பாக்குறீங்களாப்பா, இங்க யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது" என்றாய். நானும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். ஒரே நாள் நோட்டீஸ் ஒட்டி மில்லை மூடினவன் வெட்கப்படவில்லை, ஐம்பத்தாறு வயதில் தெருத்தெருவாக வேலை தேடினவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? மூன்றாம் மாடி வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாயை வெளியே கூட்டிப்போவது, மருந்து கொடுப்பது, இதுதான் வேலை. அந்தக் கட்டிடத்தில் லிப்ட் இரண்டு. பெரியது குடியிருப்பவர்களுக்கு, பின்பக்கம் இருக்கிற இருட்டுக் கூண்டு வேலைக்காரர்களுக்கு. நாய் குடியிருப்பவர் கணக்கில் சேர்த்தி. அதனால் நாயோடு போனால் எனக்குப் பெரிய லிப்ட், தனியாகப் போனால் கூண்டு. முதல் வாரமே வாட்ச்மேன் என்னிடம் "நாய் எங்க? நாய் இல்லாம இதுல ஏறக் கூடாது" என்றான். நாய்க்கு நான் துணையா, எனக்கு நாய் துணையா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாய் என்றால் நீ நினைக்கிற மாதிரி தெருவை உலுக்குகிற நாய் இல்லை. என் இரண்டு கைக்குள் அடங்குகிற சின்ன ஜாதி, வெள்ளை முடி, தொங்கு காது, வயது பதினொன்று. அவர்கள் வைத்த பெயர் என் நாக்கில் உட்காரவில்லை, நான் பஞ்சு என்று கூப்பிட்டேன், அதற்கும் அதுதான் பிடித்தது போல, அவர்கள் கூப்பிட்டால் காது மட்டும் அசையும், நான் கூப்பிட்டால் முழு உடம்பும் அசையும். நான் வேலைக்குச் சேரும்போதே அதற்கு இருமல் இருந்தது, தொண்டையில் முள் மாட்டினவன் இருமுகிற மாதிரி வறட்டு இருமல். அவர்கள் வழக்கமாகப் போகிற பெரிய டாக்டர் குழல் வைத்துப் பார்த்து இதயத்தில் இரைச்சல் கேட்கிறது, அதன் அளவு ஆறில் ஐந்து என்றாராம். இதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவு வயதானால் தடித்துப்போய்ச் சரியாகச் சாத்தாமல், முன்னால் போக வேண்டிய ரத்தம் பின்னால் கசியும், அந்தக் கசிவின் சத்தம்தான் அது. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு தாளும் நோட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நாய் அசந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுத வேண்டும். தாள் முழுக்க இங்கிலீஷ். மூன்றாம் மாடி அம்மா அதை வாங்கி வாசல் மேஜையில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னது ஒரே வரி, "டெய்லி மூச்சை எண்ணி நோட்ல எழுதிடுங்க, முப்பதுக்கு மேல போனா சொல்லுங்க". அவ்வளவுதான்.

நானும் எண்ணினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அது தூங்குகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ விட்டுப்போன பழைய கைக்கடிகாரத்தைத் தரையில் வைத்து, வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் ஆரம்பித்து, திரும்பப் பன்னிரண்டைத் தொடும்வரை கண்ணிமைக்காமல் எண்ணினேன். முதல் நாளே நாற்பத்தாறு. மறுநாள் நாற்பத்தெட்டு. ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா நோட்டைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள், அவர் அங்கிருந்தே நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது, மூன்றாம் கட்டம் என்று சொல்லி நீரை இறக்குகிற மாத்திரை எழுதினார். நான் எண்ணினேன், நாற்பத்தேழு. மாத்திரையைக் கூட்டினார். ஐம்பது. இன்னும் கூட்டினார். நாற்பத்தெட்டு. நாய் அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடித்தது, குடித்ததையெல்லாம் கம்பளத்திலும் சோபாக் காலடியிலும் விட்டது, உடம்பு வற்றி முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. கூடத்தில் இருந்த அதன் மெத்தையைத் தூக்கித் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், பால்கனி மூலையில் போட்டார்கள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எண்ணினேன். ஆறு வாரம், ஒரு நாள் விடாமல். அந்த வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரிடமும் வினாடி முள் ஓடுகிற கடிகாரம் இருக்கிறது, ஒருத்தர்கூட ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கவில்லை. டாக்டரும் நோட்டைத்தான் பார்த்தார், நாயைப் பார்க்கவில்லை.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார், எவ்வளவு மருந்து கொடுத்தும் மூச்சு இறங்கவில்லை, மருந்து கேட்காத நாலாம் கட்டம், இனி வதைக்காமல் கருணை ஊசி போட்டுவிடுவது நல்லது என்று. மூன்றாம் மாடி சார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர்கள் யாரும் வரவில்லை, பார்க்கத் தாங்காதாம். டிரைவரையும் என்னையும் அனுப்பினார்கள். ஒரு பழைய போர்வையும், புது டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் சின்னதாக்கி ஒரு பெட்டியும் காரில் வைத்திருந்தார்கள். பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை, டிரைவரும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் உன் அம்மா வாசலில் நின்று "நீங்க போகாதீங்க, வேற யாராவது கொண்டுபோகட்டும், உங்க கையாலயா" என்றாள். நான் சொன்னேன், என் கை எழுதின நம்பர்தானே அதை அங்கே அனுப்புகிறது, பாதி வழியில் கையைக் கழுவிக்கொண்டால் அது என்ன நியாயம். காரில் நானும் டிரைவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம். பஞ்சு மட்டும் கார் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு ஊர் பார்த்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி கண்ணாடிக் கதவு, வழவழத்த தரை. வரவேற்பில் இருந்த பெண் என் செருப்பைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பெரிய டாக்டர் வெளியூர் போய்விட்டார், ஊசி போட வேண்டியது டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர். உன் வயதுதான் இருக்கும், பெண், தலை கலைந்து, மேல்கோட்டில் பூனை பிறாண்டின நூல் தொங்கிக்கொண்டு இருந்தது. அந்தப் பூனைக்கு அவசரம் என்று எங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பஞ்சு என் மடியில் சுருண்டு தூங்கிவிட்டது. சின்ன டாக்டர் காகிதத்தையும் நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர் அப்படியே நின்று நாயைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். திரும்ப நாயைப் பார்த்தார். "நாற்பத்தெட்டு, ஐம்பதுன்னு எழுதியிருக்கு, அப்படி மூச்சு வாங்குற நாய் இப்படி அசந்து தூங்காதே. இதை யார் எண்ணுனது?" என்றார். நான்தான் என்றேன். "எண்ணிக் காட்டுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாய் சாகப்போகிற நேரத்தில் எனக்குப் பரீட்சை வைக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். பஞ்சுவின் விலாவில் விரலை வைத்து வாய்விட்டு எண்ணினேன். நெஞ்சு மேலே ஏறியது, ஒன்று. கீழே இறங்கியது, இரண்டு. ஏறியது, மூன்று. இறங்கியது, நாலு. முள் சுற்றி வந்தபோது நாற்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஐயா, ஏறி இறங்கினா ஒண்ணு. நீங்க ஏறுனதுக்கு ஒண்ணு, இறங்குனதுக்கு ஒண்ணு போடுறீங்க. இது இருபத்துமூணு" என்றார்.

மகனே, நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை போட்டேன். "அதெப்படிம்மா? போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு, ரெண்டுதானே?" என்றேன். இருபத்திரண்டு வருஷம் அதுதானே என் கணக்கு. தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா இடமிருந்து வலம் போனால் ஒரு ஊடை இழை விழுந்தது, ஒன்று. வலமிருந்து இடம் திரும்பினால் இன்னொரு இழை விழுந்தது, இரண்டு. திரும்பி வந்த நாடாவை எண்ணாமல் விட்டவனை எங்கள் மேஸ்திரி "ஏன், வரும்போது அது சும்மாவா வருது?" என்று கேட்டு அத்தனை பேர் முன்னாலும் நாறடிப்பார். என் கண் பார்ப்பதே அப்படித்தான், எது போய் வந்தாலும் அது இரண்டு. இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே வரும்போது, பாதியில் எனக்கே புரிந்துவிட்டது. ஆறு வாரம். நான் நாற்பத்தெட்டு என்று எழுதினது அத்தனையும் இருபத்துநாலு. அது ஒரு நாளும் முப்பதைத் தொடவே இல்லை. இல்லாத நீருக்கு அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம், இல்லாத நீர் எப்படி இறங்கும்? இறங்கவில்லை என்று இன்னும் கூட்டியிருக்கிறோம். ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல், என் அழகான கையெழுத்தில் நான் அந்த நாயைக் கொன்றுகொண்டு இருந்திருக்கிறேன். அந்த டாக்டர் என் தோளைப் பிடித்து, "உங்களுக்கு எப்படி எண்ணணும்னு யாராவது காட்டுனாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ தப்பு உங்களோடது மட்டும் இல்ல, எழுந்திருங்க, வேலை இருக்கு" என்றார்.

மூச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு பண்ணினதால்தான் இந்தக் கூத்து, நானும் அதையே பண்ண மாட்டேன் என்று சொல்லி அவர் முழுசாகப் பார்த்தார். ஈறை அழுத்திப் பார்த்தார், தொடையில் நாடி பிடித்தார், குழல் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிறகு விலாவில் பசை தடவி ஸ்கேன் போட்டு அந்தக் கதவு அடிப்பதை எனக்குத் திரையில் காட்டினார். பெரிய டாக்டர் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்திருந்தால் போதும், மகனே, ஒரு தடவை. நீர் கோத்த நுரையீரல் படத்தில் வெள்ளையாகப் பூத்திருக்குமாம், பஞ்சுவுக்குச் சுத்தமான கறுப்பு. ஆனால் இதயம் பெரிசுதான், அதில் பொய் இல்லை. அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா, அதே நாயின் முதுகெலும்புக் கணுவை வைத்து அளக்கிறார்கள், இதயம் இத்தனை கணு நீளம், இத்தனை கணு அகலம் என்று. இரண்டும் சேர்ந்து பத்தரைக் கணுவுக்குள் இருந்தால் கவலை இல்லை, இதற்குப் பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அவனவன் எலும்பே அவனவனுக்கு முழக்கோல். பெரிசான இதயம் மேலே இருக்கிற மூச்சுக்குழாயை நெருக்குகிறது, அதனால்தான் இருமல், நீரால் இல்லை என்றார்.

ஆறில் ஐந்து என்றார்களே அந்தச் சத்தம் என்று கேட்டேன். "சத்தம் நோய் இருக்குன்னு சொல்லும், எவ்வளவு நாள்னு சொல்லாது" என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் மில்லில் பதினேழாம் நம்பர் தறி போட்ட சத்தத்துக்குக் காது கிழியும், கடைசி நாள்வரை ஓடியது. சத்தமே இல்லாத முப்பதாம் நம்பர் ஒரு மத்தியானம் சொல்லாமல் நின்றது, நின்றதுதான். இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு "இதைத்தான் நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் சொல்றேன்" என்றார். இந்த நோய்க்கு நாலு படி. முதல் படி, வரக்கூடிய ஜாதி என்பது மட்டும். இரண்டாம் படி, சத்தம் இருக்கும், நாய் நன்றாக இருக்கும், அதிலேயே இதயம் பெரிசாகாதது கீழ்ப்பாதி, பெரிசானது மேல்பாதி. மூன்றாம் படி, நுரையீரலில் நீர். நாலாம் படி, மருந்து கேட்காதது. நாலில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பின நாய் இரண்டாம் படியின் மேல்பாதியில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து கீழே இறங்கிவராது, அதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் முதலில் கொடுத்த இதய மாத்திரையை மட்டும் சரியாகக் கொடுத்தால் மூன்றாம் படியைப் பல மாதம் தள்ளிப்போடலாம், சிலதுக்கு வருஷக் கணக்கிலும் தள்ளும். "நாள் கணக்கு இல்ல, ஒண்ணா ரெண்டா மூணான்னு வருஷத்துல பேசலாம், சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன்" என்றார். நீர் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். ரத்தத்தில் சிறுநீரகத்துக்கான கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது, அது அந்த மாத்திரையின் கைங்கர்யம்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். மூன்றாம் மாடி அம்மா எடுத்ததும் "முடிஞ்சுதா?" என்றாள். டாக்டர் நடந்ததைச் சொன்னார். சந்தோஷப்படப்போகிறாள் என்று நான் நினைத்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் பார். "எண்ணத் தெரியாத ஆள் கையில நோட்டைக் கொடுத்தது எங்க தப்பு" என்றாள். அதோடு நிற்கவில்லை. "சரி, எப்படியும் வயசான நாய்தானே, கையெழுத்தும் போட்டாச்சு, முடிச்சிடுங்க டாக்டர், வெள்ளிக்கிழமை புதுக்குட்டி வருது" என்றாள். அந்தச் சின்னப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல மருந்து கேட்காத கடைசிக் கட்டம்னு இருக்கு. அது பொய். பொய்யை நம்பி நான் ஊசி எடுக்க மாட்டேன், வேற யாரையும் இங்க எடுக்கவும் விட மாட்டேன்" என்றார். அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, போன் பக்கம் குனிந்து பேசினேன். "அம்மா, எனக்கு எண்ணத் தெரியும். எப்படி எண்ணணும்னு அந்தத் தாள்ல இருந்துச்சு, தாள் உங்க மேஜையில இருந்துச்சு. ஆறு வாரத்துல உங்க வீட்டு ஆள் ஒருத்தர் ஒரு நிமிஷம் அது பக்கத்துல உக்காந்திருந்தா இன்னிக்கு இங்க வந்திருக்க வேண்டாம்" என்றேன். அவள் கத்தினாள், "அவ்வளவு பாசம்னா நீங்களே தூக்கிட்டுப் போங்க, நாளையிலேர்ந்து வேலைக்கும் வர வேண்டாம்". நான் சொன்னேன், "சரிம்மா. எழுதிக் கொடுங்க".

எழுதிக் கொடுக்க வைத்தேன். மூன்றாம் மாடி சார் போனில் இரண்டு வரி அனுப்பினார், டாக்டர் அதை அச்சடித்து முத்திரை வைத்தார், ஆஸ்பத்திரிக் கணினியில் உரிமையாளர் என்ற கட்டத்தில் இருந்த பெயரை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டச் சொன்னார். வரவேற்பில் செருப்பைப் பார்த்த அதே பெண்தான் தட்டினாள், எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச் சொல்லி இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். வெளியே வந்தால் டிரைவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்கிறான். பஞ்சுவைப் பார்த்ததும் அவனுக்கு முகம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. "அண்ணே, பெட்டி காலியா திரும்பக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க, இப்போ என்ன பண்றது?" என்றான். இவனையே உட்கார வை என்றேன். அந்தப் பெட்டியில்தான் பஞ்சு நம் வீட்டுக்கு வந்தது, போர்வைமேல் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி.

மறுநாள் அந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பஞ்சுவையும் தூக்கிக்கொண்டு போனேன், வேண்டுமென்றேதான். பெரிய லிப்டில் ஏறினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, நாயைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு போட்டான். டிரைவர் முதல் நாளே கட்டிடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தான். ஏழு மாடி வேலைக்காரர்களும் படிக்கட்டில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஓடிவந்த நாலாம் மாடி சமையல்காரி "உன் உயிர் கெட்டி ராசா" என்று சொல்லிப் பஞ்சுவின் காதைத் திருகினாள். மில் கதவைச் சாத்தினபோது நாங்கள் முன்னூறு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். இந்தக் கட்டிடத்தைவிட்டு நான் தலை நிமிர்ந்து வெளியே வந்தேன், முன்வாசல் வழியாக.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நீர் மாத்திரை நின்றதும் தண்ணீர் குடிப்பது ஒழுங்காயிற்று, உன் அம்மா பயந்த மாதிரி வீட்டில் ஒரு சொட்டு விடவில்லை. ரத்தக் கணக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, எலும்புமேல் சதை பிடித்திருக்கிறது. இருமல் இருக்கிறது, குறைந்திருக்கிறது. முதல் நாள் உன் அம்மா "உள்ள வரக் கூடாது, வாசலோட சரி" என்றாள். இரண்டாம் நாள் "சமையலறைக்குள்ள வரக் கூடாது" என்றாள். இப்போது தையல் மெஷின் மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மெத்தை, அவளே தைத்தது, உறை வேறு இரண்டு. என்னைக் கேட்டால் அந்த மாதிரி தையல் எனக்கு ஒரு சட்டைக்கும் விழுந்ததில்லை. இன்னொன்று, பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் சின்ன டாக்டர் அவரிடம் நேருக்கு நேர் பேசியிருக்கிறார். இனி நோட்டுப் போட்டோவை வைத்துக் கட்டம் சொல்வதில்லை, நாயைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். எண்ணுகிற தாளும் மாறிவிட்டது. நம் பாஷையில், பெரிய எழுத்தில், முதல் வரியே "நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று". ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன், பார். நோட்டு வைத்திருக்கிற மற்ற வீடுகளுக்கெல்லாம் போய் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொன்னேன், உன் அம்மா பின்னாலிருந்து முதுகில் ஒன்று வைத்தாள், திங்கட்கிழமை சேருகிறேன். யாராவது உன்னைக் கேட்டால் இனி சொல், என் அப்பா நாய்க்கு மூச்சு எண்ணுகிறவர் என்று.

உனக்கும் ஒரு வார்த்தை. உன் வேலையிடத்தில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியாவிட்டால், தெரிந்த மாதிரி தலையாட்டாதே, காட்டச் சொல். காட்டாமல் வேலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரியாதவன் என்று சொல்கிறவன் எந்தப் பதவியில் இருந்தாலும் அவன் முகத்துக்கு நேராகச் சொல். மரியாதையாகச் சொல், ஆனால் சொல். அந்த இருமலுக்கு ஒரு டாக்டரைப் போய்ப் பார், போட்டோ அனுப்பாதே, நேரில் போ. அடுத்த வருஷம் உன் விடுமுறைக்குப் பஞ்சு இருக்கும் என்று நினைக்கிறேன், சின்ன டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார். முப்பதைத் தாண்டினால் அரைமணியில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன். ஒரு நாள் தாண்டத்தான் செய்யும், அது எனக்குத் தெரியும், அன்றைக்கும் நான் பக்கத்தில் இருப்பேன். நீ வந்ததும் ஒரு நிமிஷம் அதன் பக்கத்தில் உட்கார், கடிகாரத்தை உன்னிடமே திருப்பித் தருகிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். பதில் எழுத மறக்காதே, அந்த மூன்று கேள்விக்கும் தனித்தனியாக. பஞ்சு இப்போது என் கால்மேல் தலை வைத்துத் தூங்குகிறது, எழுதுவதை நிறுத்திவிட்டு முள் பன்னிரண்டைத் தொடும்வரை காத்திருந்து இப்போதுதான் எண்ணி முடித்தேன். இருபத்திரண்டு.

இப்படிக்கு,
எண்ணத் தெரிந்த
உன் அப்பா